ராணுவ பிவி பை வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் மலை நடக்கப் போகும் தமிழ் நண்பர்கள், ராணுவப் பழம்பொருள் கடையில் தொங்கும் பச்சைப் பையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். இனிமேல் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மலைகளை மனதில் வைத்து எழுதியது. ஊர் பற்றிய கேள்வி கடைசியில் வருகிறது.

பிவி பைன்னா என்ன? டென்ட் இருக்கும்போது அது எதுக்கு?

தண்ணீர் புகாத நீளமான உறை. ஸ்லீப்பிங் பேக்கை அதற்குள் நுழைத்து, நீங்களும் உள்ளே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் கம்பி கிடையாது, முளை கிடையாது. சுருட்டினால் ஒரு ரொட்டி அளவுக்கு வந்துவிடும்.

இதில் உட்கார முடியாது, உடை மாற்ற முடியாது, முதுகுப்பையையும் பூட்ஸையும் உள்ளே வைக்க இடம் போதாது. ஆனால் ஆள் படுக்கும் அளவுக்குச் சமதரை இருந்தால் போதும். ஒரு பாறையின் மறைவிலோ வேலியோரத்திலோ தரையோடு தரையாகக் கிடக்கலாம். இருட்டிய பின் வந்து விடியும் முன் கிளம்புகிறவருக்கு இதைவிட ஒதுக்கமான படுக்கை இல்லை. ஒரே இடத்தில் நாளெல்லாம் தங்கப் போகிறீர்கள் என்றால் டென்ட்டே வாங்குங்கள்.

கடைல புதுசா 300 கிராம்ல கிடைக்குதே, ஏன் பழைய ராணுவப் பை?

கனம்தான் முக்கியம் என்றால் அந்த 300 கிராம் பையை வாங்குவதில் தவறில்லை. அதன் துணி மெல்லியது. முள், கூர்க்கல், ஹெதர் புதரின் குச்சி ஆகியவற்றின் மேல் பார்த்துப் பார்த்துப் படுக்க வேண்டும். ராணுவத்துக்குத் தைத்த பை, பூட்ஸோடு உள்ளே நுழைந்து எழும் ஆட்களுக்காகச் செய்தது. துணி தடிமன், தையல் அகலம், ஆளும் பாயும் சேர்ந்து கொள்ளும் அளவுக்கு இடம். விலையும் அதே தரத்தில் புதிதாக வாங்குவதைவிட மிகக் குறைவு. இதற்கெல்லாம் ஈடாக நீங்கள் சுமப்பது கூடுதலாக அரைக் கிலோவுக்கு மேல்.

என் அபிப்பிராயம் இதுதான்: முதல் பை ராணுவப் பையாக இருக்கட்டும். அதில் படுத்துப் பழகிய பிறகு, உங்களுக்கு எங்கே கனம் குறைய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

எந்த நாட்டு ராணுவத்தோடது நல்லது?

இங்கே எளிதாகக் கிடைப்பது மூன்று.

பிரிட்டிஷ் பை: கோர்டெக்ஸ் துணி (தண்ணீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடுவது), பெரும்பாலும் ஒரே ஆலிவ் பச்சை, பிந்தையவை ஆளை மறைக்கும் பல நிற ராணுவக் கோலத்தில் (கேமஃப்ளாஜ்). ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஜிப் இல்லை, தலைப்பக்கம் கயிறு இழுத்துச் சுருக்கும் வாய். கெட்டுப்போக ஜிப்பே இல்லை என்பதுதான் அதன் பலம். பாம்பு சட்டைக்குள் திரும்ப நுழைவதுபோல நெளிந்து நெளிந்துதான் உள்ளே போக வேண்டும் என்பது அதன் தொல்லை.

அமெரிக்கப் பை: மூன்றடுக்குத் தூக்க அமைப்பின் வெளியுறையாக வந்தது. கோர்டெக்ஸ், ஏறக்குறைய ஒரு கிலோ, பக்கவாட்டில் ஜிப், அதன் மேல் மழை புகாமல் மூடும் மடிப்பு, அழுத்துப் பொத்தான்கள். நள்ளிரவில் எழ வேண்டியவர்களுக்கும் ஒடுங்கிய இடம் ஆகாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

டச்சு ராணுவப் பை: தலைக்கு மேல் ஒரு வளைகம்பி, உள்ளே பூச்சிவலை. கனம் கூடுதல், ஆனால் முகத்தின் மேல் துணி படாது. பூச்சிக் காலத்தில் ஸ்காட்லாந்து போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழசே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஸ்திரியாவின் கரிந்தியா நிறுவனம் இதே கட்டுமானத்தில் புதிதாகச் செய்கிறது. விலையைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரிஜினலா, ராணுவ டிசைன்ல தைச்ச காப்பியா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உள்ளே தைத்திருக்கும் துணிச் சீட்டைப் பாருங்கள். நேட்டோ நாடுகளின் ராணுவப் பொருள் ஒவ்வொன்றுக்கும் 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை. தனிநபர் உபகரணம் என்றால் 8465. அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 99 என்றால் பிரிட்டன், 00 அல்லது 01 அமெரிக்கா, 17 நெதர்லாந்து. "ராணுவ பாணி", "ராணுவத் தரம்" என்று விளம்பரத்தில் மட்டும் இருந்து சீட்டில் எண் இல்லையென்றால் யோசியுங்கள்.

எண்ணையும் அச்சடிக்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம்தான். அதனால் சீட்டைவிடத் தையலை நம்புங்கள். அது அடுத்த பதிலில்.

பழசு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டியிருக்கும். தையல் ஊசி போட்ட துளைகளை அடைப்பது அதுதான். அதன் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெருடிப் பாருங்கள். நல்ல பட்டை துணியோடு துணியாக இருக்கும், நகம் வழுக்கிப் போகும். கெட்டது ஓரத்தில் தூக்கிக்கொண்டு, நடுவில் கொப்புளம் விட்டு, சில இடத்தில் வெள்ளையாகப் பொடிந்து இருக்கும். ஓரிடத்தில் மட்டும் என்றால் சரிசெய்யலாம். நீளம் முழுக்க என்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

அடுத்து துணியைக் கசக்கிப் பாருங்கள். உள் அடுக்கு வெளித்துணியிலிருந்து பிரிந்திருந்தால் கைக்குள் இரண்டு துணி வழுக்குவதுபோல் தோன்றும். அதுவும் வேண்டாம். கால்பக்கமும் இடுப்புப் பகுதியும்தான் முதலில் தேயும். விளக்கொளிக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகளைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சோதனை. குளியல் தொட்டிக்கு மேல் பையைத் தொங்கவிட்டு, கால்பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். வெளியே எங்கே துளி கோத்து நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, காய்ந்த பிறகு உள்புறமாகத் தையல் பசை தடவலாம். திருப்பி அனுப்ப அவகாசம் தரும் கடையில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

காலைல பை உள்ள ஈரமா இருந்துச்சு. ஓட்டைப் பையை வித்துட்டாங்களா?

என்னிடம் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். பெரும்பாலும் பை நன்றாகவே இருக்கும். அந்த ஈரம் உங்கள் உடம்பிலிருந்து வந்தது. தூங்கும் ஆள் ஒரு இரவில் மூச்சாலும் வியர்வையாலும் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் வெளியே விடுகிறார். இந்தப் பைகளில் உள்ள கோர்டெக்ஸ் நீட்டி விரித்த டெஃப்லான் படலம். அதன் நுண்துளைகள் வழியே நீராவி போகும், நீர்த்துளி போகாது. ஆனால் ஆவி தானாகப் போய்விடாது. உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்து உலர்ந்து இருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். புழுக்கமான கோடை இரவில் அந்தத் தள்ளல் மிகவும் குறைவு. மேகமில்லாத குளிர் இரவில் வேறொரு சிக்கல்: பையின் மேற்பரப்பு வானத்துக்குத் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வெளியே பனி படியும், உள்ளே ஆவி துளியாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. வாயும் மூக்கும் எப்போதும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். குளிர்கிறது என்று தலையை உள்ளே இழுத்து மூச்சு விட்டால் எந்த நாட்டுத் துணியும் உங்களைக் காப்பாற்றாது. முகத்துக்குக் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும் போதும். நனைந்த உடையைப் பைக்குள் வைத்துக் காயவைக்க முயலாதீர்கள். படுக்கும் இடம் ஓடைக்கரையாகவோ பள்ளத்தாக்கின் அடியாகவோ இருக்கக் கூடாது. குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேலேறி, மரத்தடியிலோ தார்ப்பாயின் கீழோ படுத்தால் பனி வெகுவாகக் குறையும்.

இவ்வளவு செய்தும் சிறிது ஈரம் இருக்கும். எழுந்ததும் பையை உள்வெளியாகத் திருப்பி, காப்பி போடும் நேரம் காற்றில் போட்டு வையுங்கள். அடுத்தடுத்து பல இரவுகள் என்றால் இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கைவிடச் செயற்கை இழை அடைத்தது பிவிக்கு ஏற்றது. ஈரம் பட்டாலும் அது அவ்வளவு சீக்கிரம் சுருங்காது.

பாயை உள்ளே வைக்கணுமா, வெளியேயா?

ராணுவப் பையில் இடம் இருப்பதால் உள்ளே வையுங்கள். இரவில் உருண்டாலும் பாய் உங்களோடு வரும், சரிவில் நழுவாது. காற்று ஊதும் பாய் முள்ளில் மாட்டாமலும் இருக்கும். தடித்த ஊதுபாய் என்றால் மட்டும் பையின் சுற்றளவைத் தின்று ஸ்லீப்பிங் பேக்கை நெருக்கிவிடும். நெருங்கிய இடத்தில் குளிரும். கடையில் வாங்கும்போதே பாயோடு சேர்த்துப் படுத்துப் பாருங்கள்.

மழை கொட்டினா முகம் நனையாதா?

நனையும். அதனால்தான் பிவி தனியாக வாங்குவதில்லை. கூடவே ஒரு தார்ப்பாய். தலைப்பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு முளை அடித்துவிடுங்கள். மரமில்லாத இடத்தில் நடைக்கோல் இரண்டு போதும். தார்ப்பாய் இருந்தால் பையின் வாயைத் திறந்தே வைக்கலாம்; முன்பு சொன்ன ஈரப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். சமைப்பதும் தார்ப்பாயின் ஓரத்தில், காற்றோட்டத்தில்தான். பைக்குள்ளோ மூடிய துணிக்குள்ளோ அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனையும் கிடையாது.

வாயை இறுக்கிக் கட்டிட்டா மூச்சு முட்டாதா?

முட்டலாம். முழுக்க இறுக்கவே கூடாது. முகம் அளவுக்கு இடைவெளி எப்போதும் இருக்கட்டும். வெண்பனி கொட்டும் இரவில் அந்த இடைவெளியை அவ்வப்போது கையால் துடைத்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்துல பூச்சி தின்னுடும்னு சொல்றாங்களே?

மிட்ஜ் என்ற சின்னக் கடிபூச்சி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு மலைப் பகுதிகளில் கூட்டம் கூட்டமாக வரும். காற்றில்லாத மாலையும் அதிகாலையும்தான் அதன் நேரம். கொஞ்சம் காற்று வீசினாலும் அதனால் பறக்க முடியாது. எனவே அந்தக் காலத்தில் மறைவிடத்தைவிடக் காற்று படும் மேட்டைத் தேடுங்கள். டச்சுப் பை இல்லாதவர்கள் விளிம்புள்ள தொப்பியின் மேல் தலைவலை போட்டுப் படுக்கலாம். வலையின் கண் மிகச் சிறிதாக இருக்க வேண்டும், சாதாரணக் கொசுவலைக்குள் மிட்ஜ் புகுந்துவிடும்.

உண்ணியை இதைவிடக் கவனமாகப் பாருங்கள். அது லைம் நோயைப் பரப்பும். காலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்து, இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுத்தெடுங்கள்.

ஒதுக்கமா படுக்கணும்னா மிலிட்டரி கோலம் போட்டதுதானே நல்லது?

தேவையில்லை. ஒரே ஆலிவ் பச்சையோ பழுப்போ போதும். அந்தி வெளிச்சத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட உருவமும் அசைவும் வெளிச்சமும்தான். தலைவிளக்கை வெள்ளையில் எரியவிட்டுக்கொண்டு கோலப் பைக்குள் படுப்பதில் பயனில்லை. தரையோடு தாழ்ந்து, வான்கோட்டில் தெரியாமல், சிவப்பு விளக்கோடு, சத்தமின்றி இருந்தால் நீல நிறப் பைகூட யாருக்கும் தெரியாது.

கோலத்துக்கு இன்னொரு பாதகம் உண்டு. பார்பேடோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் ராணுவக் கோலத் துணியைப் பொதுமக்கள் அணிவதற்குத் தடை இருக்கிறது. பயணத்தில் பல நாடு போகிறவர்கள் ஒரே நிறத்தில் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

இப்படிக் கண்ட இடத்துல படுக்கிறது சட்டப்படி சரியா?

எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான திறந்த நிலத்தில் பொறுப்போடு நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. சிறு கூட்டமாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் இல்லாமல், வீடு, சாலை, பயிர், கால்நடை ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைகளில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச்சீட்டு தேவை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் தேசியப் பூங்கா ஒரு விதிவிலக்கு. அங்கே ஒரு நில உரிமையாளர் தொடுத்த வழக்கில் 2023 ஜனவரியில் அனுமதி கேட்காமல் தங்கும் உரிமை பறிபோய், அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் திரும்ப வந்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அதுவும் பொதுநிலப் பகுதிகளுக்கு மட்டும். பூங்கா ஆணையத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். டார்ட்மூரின் வடக்கில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களும் உண்டு. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகவே கூடாது. வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், மலைச்சரிவின் கல்வேலிகளைத் தாண்டி உயரத்தில் படுப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஆனால் அது உரிமை ஆகாது.

அனுமதி இல்லாத இடம்னா, பச்சைப் பைல ஒளிஞ்சு படுத்துடலாமா?

அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். ஒதுக்கமாகப் படுப்பது அங்கே வாழ்பவர்களுக்கும் மேயும் ஆடுகளுக்கும் தொந்தரவு தராமல் இருப்பதற்காக. முடிந்தால் முன்கூட்டியே பண்ணைக்காரரைக் கேளுங்கள். ஓர் இரவு, ஓர் ஆள், நெருப்பில்லை என்று சொன்னால் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராவது வந்து கிளம்பச் சொன்னால் வாதாடாமல் கிளம்புங்கள். பிவியைச் சுருட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நெருப்பு மூட்டாதீர்கள். கழிவை நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் புதையுங்கள், காகிதத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். கிளம்பும்போது புல் அமுங்கிய தடத்தைத் தவிர எதுவும் மிஞ்சக் கூடாது.

யார் கண்ணுக்கும் தெரியாம படுத்தா, ஏதாவது ஆச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. பச்சைப் பை மீட்புக் குழுவின் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே பையின் அடியில் ஒரு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் உயிர்காப்பு உறையை மடித்து வையுங்கள். தேவைப்பட்டால் விரித்துக் கல் வைத்துவிடலாம். ஒரு விசில் கழுத்தில் இருக்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. இரவில் விளக்காலும் அதே கணக்கு.

கிளம்பும் முன்பே செல்பேசியிலிருந்து அவசர உதவி எண்ணான 999க்கு ஆங்கிலத்தில் "ரெஜிஸ்டர்" என்ற சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். பேச அலைவரிசை போதாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். எங்கே படுப்பதாக உத்தேசம், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டை நடக்கும். அப்போது விடிந்த பிறகும் பச்சைப் பைக்குள் அசையாமல் கிடக்காதீர்கள். நடக்கும்போது முதுகுப்பையின் மேலுறையாவது பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும்.

துவைச்சா தண்ணி புகாத தன்மை போயிடுமா?

துவைக்காமல் விட்டால்தான் போகும். வெளித்துணியில் நீர் முத்து முத்தாக உருள வேண்டும். அழுக்கும் எண்ணெயும் ஏறினால் துணி நீரைக் குடித்துக் கறுத்துப்போகும். படலம் அப்போதும் நீரைத் தடுக்கும், ஆனால் ஆவி போக வழி இருக்காது. ஈரப் பதிலில் சொன்னதெல்லாம் இன்னும் மோசமாகும். மழையுடைக்கென்று விற்கும் கழுவுதிரவத்தால் கழுவுங்கள். சாதாரண சோப்புத்தூளும் துணி மென்மையாக்கியும் வேண்டாம். நன்றாக அலசி, நீர்விரட்டித் தெளிப்பை வெளிப்புறம் அடித்து, சீட்டு அனுமதித்தால் உலர்த்தியில் குறைந்த சூட்டில் போட்டெடுங்கள். வைக்கும்போது உறைக்குள் திணித்து வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மடிப்பிலேயே கிடந்தால் தையல் பட்டை அங்கேதான் முதலில் விடும்.

ஊருக்கு எடுத்துட்டுப் போய் மேற்குத் தொடர்ச்சி மலைல படுக்கலாமா?

ராணுவக் கோலம் போட்ட பையை எடுத்துப் போகாதீர்கள். பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு 2016 ஜனவரியிலேயே, ராணுவக் கோல உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று இந்திய ராணுவம் கேட்டுக்கொண்டது. இலங்கைக்கும் அப்படியே, விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை எதற்கு?

ஒரே நிறப் பையானாலும், தமிழ்நாட்டு மலைக்காட்டில் தரையில் தனியாகப் படுப்பதை நான் ஆதரிக்கவில்லை. காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடியது, அது நியாயமும்கூட. யானை வழித்தடம் எது என்று வெளியாளுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தில் இரவில் எழுப்புவது அதிகபட்சம் ஒரு மான். வனத்துறை நடத்தும் பாதைகளில் வழிகாட்டியோடு போய், அவர்கள் காட்டும் இடத்தில் தங்குங்கள். மழைக்காலத்தில் அங்கே பிவி வேலையும் செய்யாது. புழுக்கத்தில் ஆவி வெளியேறாது என்பதை மேலேயே சொல்லியிருக்கிறேன். அட்டை வேறு திறந்த வாய் வழியாக நேரே உள்ளே வரும்.